ஒரு விரல் அகலத் தண்ணீர்

ஆடி மாதத்துக் கச்சான்
மூன்று நாளாய்ச் சீனக்குடா இறங்குதுறையின் புழுதியை அள்ளி
எங்கள் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது.
கோதுமை கொண்டுவந்த கப்பல்
முன்னுக்கு ஐந்து கயிறு பின்னுக்கு ஐந்து கயிறென்று
சுவரோடு சுவராய் ஒட்டி நின்றது.

பார்க்கிறவர்கள் சொல்வார்கள், சும்மா நிற்கிறதென்று.
நான் கயிறு பிடிக்கிறவன், பதினாறு வருசம்.
சும்மா நிற்கிற கப்பலை இன்னும் காணவில்லை.

காற்று அதை வெளியே தள்ளுகிறது.
கயிறு அதைக் கரைக்கு இழுக்கிறது.
அரிசி மூட்டையைத் தோளில் தாங்குகிறவன்போல்
தண்ணீர் அடியிலிருந்து முட்டுக்கொடுக்கிறது,
முப்பதாயிரம் தொன் கீழே அமுக்குகிறது.
எல்லாருக்கும் வேலை இருக்கிறது.
கணக்கு மட்டும் பூச்சியம்.

இரும்புக் குத்தியில் காதை வைத்தால் கேட்கும்:
நித்திரையில் ஆரோ பல் கடிக்கிற சத்தம்.
ரியால்தீன், கிண்ணியா ஆள்,
இறுகிய கயிற்றுக்கு நேரே ஒருநாளும் நிற்கமாட்டான்.
கடன் கொடுத்தவன் வீட்டைக் கடக்கிறமாதிரி
தலையைக் குனிந்து சுற்றித்தான் போவான்.

செவ்வாய் பின்னேரம் மூன்றே காலுக்கு
பின்பக்கத்து இரண்டாம் கயிறு அறுந்தது.
சத்தம் பிறகுதான் வந்தது.
முதலில் தகரக் கொட்டிலின் ஒரு மூலை
இல்லாமல் போனது.
ரியால்தீன் தன் கால்களை எண்ணிப் பார்த்தான்.
இரண்டு.
திரும்ப எண்ணினான்.

கப்பல் அசையவில்லை என்றுதான் நினைத்தோம்.
இழுத்துப்போன மற்றக் கயிறுகள்
நூல் நூலாய்ப் புடைத்துக்கொண்டிருந்தன.
பிறகு சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது.
ஒரு விரல் அகலம்.
பச்சை நிறம். அதில் மிதந்தது ஒரு பிஸ்கட் தாள்.
நான் கையுறையை மாட்டுவதற்குள் ஒரு முழம்.
கலியாண வீட்டில் ஏதோ மனத்தாங்கலில்
எழும்பிப் போகிற பெரிய மனிசரைப்போல
அவசரமே இல்லாமல் அது விலகியது.

யூட் இழுவைப் படகைக் கொண்டுவந்து
மூக்கை வைத்து முட்டினான்.
புகை கறுத்தது, தண்ணீர் வெளுத்தது.
போய்க்கொண்டிருந்த கப்பல் போய்க்கொண்டேயிருந்தது,
பிறகு மெல்ல, இன்னும் மெல்ல,
ஓரிடத்தில் நின்று யோசித்தது,
திரும்பி வந்தது.
வருகிறதென்று கண்டதும் யூட் தள்ளுவதை விட்டான்.
கப்பல் வருவதை விடவில்லை.
"விலகு! விலகு!" என்று கத்தி ஓடினோம்.
சுவரில் தொங்கிய லொறி டயர்கள்
மூச்சை ஒரேயடியாய் விட்டு நசுங்கி
மிச்ச வேகத்தை வாங்கிக்கொண்டன.

புதுக்கயிறு போட்டு முடிய இரவு எட்டு.
சைக்கிளில் திரும்புகிறேன்.
முன்னிலாவெளிப் பக்கம் போகிற கடைசி பஸ்
கச்சானுக்கு எதிரே முக்கிக்கொண்டு போனது.
மிதித்தால் நகர்கிறேன், விட்டால் காற்று பிடிக்கிறது.

வீட்டில் மூன்று நாளாய் ஒன்றும் அசையவில்லை.
தவமலருக்கு மன்னார் ஆசுபத்திரியில் தாதி வேலை.
கடிதம் மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே.
போகிறேன் என்கிறாள் அவள், போகாதே என்கிறேன் நான்,
ஒரே நிறை, நேர் எதிர்.
சண்டையில்லை. அயலுக்குள் எங்களை
அமைதியான குடும்பம் என்பார்கள்.
அவள் சோற்றுக் கோப்பையை வைக்கையில் இன்றைக்குத்தான் கேட்டது,
இரும்புக் குத்தியின் அதே சத்தம்.

கையில் கயிறு கிழித்த இடம் எரிந்தது.
குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.
பிசைந்துகொண்டே கேட்டேன்:
"வவுனியாவில பஸ் மாறவேணுமோ?"

அவள் துள்ளவில்லை. சிரிக்கவுமில்லை.
பீங்கான் கழுவினாள், நாளைக்கு உழுந்து ஊறப்போட்டாள்,
லைற்றை நிற்பாட்டினாள்.
நான் பாயில் கிடந்து
காற்று கூரைத் தகரத்தைத் தூக்கப் பார்ப்பதையும்
ஆணிகள் விடாததையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கனநேரம் கழித்து, இருட்டுக்குள்,
மேசையில் உப்புப் போத்தல் நகர்ந்தது.
ஒரு விரல் அகலம் இருக்கும்.